கிராணியார் வீட்டு லோங்காங்

மாமா கண்ணாடியைத் தேட ஆரம்பித்தால், ஊரில் எங்கோ புதிதாக ஒரு சைன்போர்டு நட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். சாலையோரத்தில் இரண்டு காலில் நிற்குமே, இன்ன வேலை, இன்ன குத்தகைக்காரர், இவ்வளவு செலவு, இந்த மாதத்துக்குள் முடியும் என்று எழுதிய பலகை, அதைத்தான் சொல்கிறேன். மற்றவர்கள் அதன் நிழலில் மோட்டார் சைக்கிளை நிறுத்துவார்கள். என் மாமனார் அதன் முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாய்விட்டுப் படிப்பார். நான் என்ஜினை ஓடவிட்டபடி காரிலேயே உட்கார்ந்திருப்பேன். பின் சீட்டில் பாசாரில் வாங்கிய மீன் இருக்கும். மீன் கெட்டுவிடும் என்று ஹார்ன் அடித்தால், திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு கையை மட்டும் தூக்கிக் காட்டுவார், பொறு என்று. எத்தனை மீன் அந்தக் கையால் நாறிப்போனது என்பது எனக்குத்தான் தெரியும்.

எங்கள் ஊர் ஈப்போவிலிருந்து கோப்பெங் போகிற பக்கம் இருக்கிறது. பெயரைச் சொல்லி யார் வாயிலும் விழ எனக்கு ஆசையில்லை. ஒரு கடைத்தெரு, ஒரு பாசார், ஒரு போலீஸ் நிலையம், நாலைந்து தாமான் குடியிருப்பு, அவ்வளவுதான் ஊர். இந்த ஊருக்கு நுழைவாயிலில் ஆளுயரச் சிமெண்டு பம்ளிமாஸ் ஒன்று உண்டு. ஒரு வருஷம் அதற்கு மஞ்சள் பெயிண்ட் அடித்தார்கள், மறு வருஷம் பச்சை அடித்தார்கள். போன வருஷம் பழுத்த பழம் இந்த வருஷம் எப்படிக் காயாகும், அதற்கு எதற்கு வரிப்பணம் என்று கேட்க மாமா நகராட்சிக் கௌன்சிலுக்குப் போனார். தண்ணீரே வராத நீரூற்றுக்கு எதற்குப் பராமரிப்புச் செலவு என்று கேட்கப் போனார். நடுப்பகலில் எரிகிற தெருவிளக்கைப் பற்றிச் சொல்ல, நடுப்பகலிலேயே என்னை லீவு போடவைத்துக் கூட்டிக்கொண்டு போனார். ஈப்போவில் ஒரு பல் மருத்துவரிடம் கௌண்டரில் எனக்கு வேலை. எத்தனை முறைதான் சொந்தக்காரர்களைச் சாகடித்து லீவு வாங்குவது?

கௌன்சிலிலும் அவரைக் கண்டாலே ஒரு பெண்ணுக்குக் கழிவறை ஞாபகம் வரும், இன்னொருத்தி போனைக் காதில் வைத்துக்கொள்வாள். மூத்த மலாய்க்கார அக்கா ஒருத்தர் மட்டும் பொறுமையாக உட்காரச் சொல்லி, மேசைக்குள்ளிருந்து பலகாரம் எடுத்துக் கொடுப்பார். மாமா பலகாரத்தையும் சாப்பிடுவார், கேள்வியையும் விடமாட்டார். வீட்டு வரியை வருஷம் பிறந்ததும் முதல் ஆளாகக் கட்டிவிடுகிறவர் அவர். வரி கட்டுறவன் வாயத் தொறக்கலன்னா வாங்குறவன் கண்ணத் தொறக்க மாட்டான் என்பது அவர் அடிக்கடி சொன்ன வார்த்தை. வாயைத் திறந்து திறந்து கடைசியில் அவருக்குத்தான் தொண்டை கட்டியது. பம்ளிமாஸ் இப்போது மறுபடியும் மஞ்சளாகத்தான் இருக்கிறது.

இதில் எனக்கு இன்னொரு எரிச்சலும் உண்டு. இந்த மனுஷன் ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். ஆபீஸில் உட்கார்ந்து, விடியற்காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பேர் போட்டுச் சம்பளக் கணக்குப் பார்த்த காலத்தில், தொரையைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டதாகச் சரித்திரமே கிடையாது. தோட்டத்தை விற்றபோது ஜனங்களுக்கு என்ன கொடுத்தார்கள், எவ்வளவு கொடுத்திருக்க வேண்டும் என்றெல்லாம் யாரும் கேட்கவில்லை, இவரும் கேட்கவில்லை. தோட்டத்து ஆட்களுக்கென்று ஒரு குறைந்த விலைத் தாமானில் வரிசை வீடுகள் கிடைத்தன. கிராணியும் அதே வரிசையில், கடைசி வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஓய்வு பெற்றபிறகுதான் அவருக்கு வாய் முளைத்தது. ஆனால் யாருக்காக அவர் கௌன்சிலோடு மல்லுக்கட்டினாரோ அவர்கள், பெரட்டுக்குக் கொஞ்சம் லேட்டாகப் போனதற்காக இவர் பேர் போடாமல், அன்றைய கூலி இல்லாமல் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிய ஆட்கள். பக்கத்து வீட்டு அக்காவின் புருஷனும் அதில் ஒருவர். அவர் செத்துப் பல காலமாகியும் அக்கா என் மாமாவைக் கிராணியார் என்றுகூட மரியாதையாகச் சொல்லமாட்டார். அந்தக் கிராணி என்பார்.

இனி லோங்காங்குக்கு வருகிறேன். எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு சந்து, சந்தின் நடுவில் ஒரு லோங்காங். மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் ஓடவேண்டிய சாக்கடை அது. பிள்ளைகள் வேலைக்குப் போய்க் கையில் நாலு காசு சேர்ந்ததும், ஒவ்வொரு வீடாகப் பின்சுவரை இடித்து அடுப்பங்கரையைச் சந்துக்குள் நீட்டினார்கள். லோங்காங்கின் மேல் சிலாப் போட்டு, அதற்கு மேல் டைல்ஸ் போட்டு, அதற்கு மேல் அடுப்பை வைத்தார்கள். யாரும் கௌன்சிலில் கேட்கவில்லை, கௌன்சிலும் கண்டுகொள்ளவில்லை. வரிசையில் நீட்டாத வீடு ஒன்றே ஒன்று, அது எங்கள் வீடு. சந்து அரசாங்க நிலம், அதில் ஒரு செங்கல் வைக்கக்கூடாது என்று மாமா சொல்லிவிட்டார். விளைவு என்ன? சிலாப்புக்கு அடியில் எண்ணெயும் மண்ணும் அடைத்துக்கொண்டு, மழை பெய்தால் மொத்த வரிசையின் தண்ணீரும் மூடாமல் இருக்கிற ஒரே இடத்தில் பொங்கியது. சட்டத்தை மதித்த வீட்டுக்குள் சாக்கடை வந்தது.

அதையும் துடைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அத்தை, அதாவது என் மாமியார், படுத்த படுக்கையாக இருந்தார். பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்து, பேச்சும் குழறிப்போயிருந்தது. ஒருமுறை கட்டிலிலிருந்து விழுந்துவிட்டதால், தரையோடு தரையாக மெத்தை போடச் சொல்லியிருந்தார்கள். குளியலறை பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதால் பின்னறைதான் அவருக்கு வசதி. தண்ணீர் முதலில் வருவதும் அந்த அறைக்குத்தான். எங்கள் பேராக் மாநிலத்தில் மழை பெரும்பாலும் சாயங்காலம்தான் வரும். நான் ஈப்போவிலிருந்து திரும்பியிருக்க மாட்டேன், என் வீட்டுக்காரர் லோரியோடு எங்கோ வடக்கே இருப்பார். மெத்தை நனைய நனைய, மாமா ஒற்றை ஆளாக அத்தையின் தோளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு தடவை நான் வந்து பார்த்தபோது அவர் கைகள் மரத்துப்போய், என்னிடம் அத்தையைக் கொடுக்கவும் முடியாமல் இருந்தார். அத்தையின் சேலை நுனியில் சாக்கடை எண்ணெய் மிதந்தது. அன்றைக்கு நான் அழுதேன், யாரைத் திட்டுவது என்று தெரியாமல் எல்லாரையும் திட்டினேன்.

என் வீட்டுக்காரர் அப்பாவிடம் கெஞ்சிப் பார்த்தார். நாமும் மற்றவர்களைப்போலப் பின்னால் மூடிக் கட்டிவிடலாம், தொல்லை தீர்ந்தது என்றார். நாம் மூடினால் தண்ணீர் அடுத்த வீட்டில் எழும்பும், அக்கா வீட்டு அடுப்பங்கரையைப் பிளந்துகொண்டு வரும் என்றார் மாமா. வந்தால் வரட்டுமே, அவர்கள் கட்டியதுதானே என்று நான் சொன்னேன். அதற்கு மாமா சட்டம் பேசினார். சட்டத்துக்காக மறுத்தாரா, அக்காவுக்காக மறுத்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எப்போது கேட்டாலும் சட்டம் என்றுதான் சொல்வார். அவருக்கு வேறு பாஷை வராது.

கௌன்சிலுக்கு அவர் நடந்த நடைக்கு ஒருநாள் பலன் கிடைத்தது. எங்கள் சந்து முனையில் சைன்போர்டு நட்டார்கள். பின்சந்து லோங்காங்கைத் தோண்டிச் சீரமைக்கும் பணி என்று எழுதியிருந்தது. அன்று மாமா அதை மூன்று தடவை படித்தார், நான் ஹார்ன் அடிக்கவில்லை. அத்தைக்கு அதைப் பாடமாகவே ஒப்பித்தார். அத்தை வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார். அந்த நேரம் பார்த்து அத்தைக்குக் காய்ச்சல் வந்து, ஈப்போ ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. மாமா அங்கேயே வராந்தாவில் கிடந்தார். நான் வேலை முடிந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், இருட்டியபிறகுதான் வீட்டுக்கு வருவேன். அத்தையைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தபோது சைன்போர்டைக் காணோம். லோங்காங் அப்படியே இருந்தது. ஒரு மண்வெட்டி பட்ட அடையாளம்கூட இல்லை.

மாமாவுக்கு வந்த கோபத்தைப் பார்த்து நானே பயந்தேன். வேலை முடிந்துவிட்டது, பணமும் கொடுத்தாகிவிட்டது என்றார்களாம் கௌன்சிலில். திருடர்கள், பட்டப்பகல் கொள்ளை என்று மாமா தாமான் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஒரு கூட்டம் போட்டே தீர வேண்டும், கௌன்சில் உறுப்பினரும் குத்தகைக்காரரும் ஜனங்கள் முன்னால் பதில் சொல்ல வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். கோயில் முன்னால்தான் இடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு எல்லாரும் உட்கார்ந்தோம். நான் கவனித்தேன், அன்று வந்தவர்கள் யாரும் மாமாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கிராணியின் மேல் இருக்கிற பழைய பயம்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத்தான் எவ்வளவு அறிவு!

மாமா எழுந்து நின்று, இந்தச் சந்துக்கென்று ஒதுக்கிய பணத்தைத் தின்றது யார் என்று கேட்டார். கௌன்சில் உறுப்பினர் குத்தகைக்காரரைக் கைகாட்டினார். குத்தகைக்காரர் லகாட் பக்கத்து ஆள், நம் ஆள்தான், வயதானவர். அவர் உட்கார்ந்தபடியே, கோபமில்லாமல் சொன்னார்.

“ஐயா, நான் மெஷினோடதான் வந்தேன். மொத வீட்டுல, அடுப்பங்கரைய இடிச்சிராதீங்கண்ணேன்னாங்க. அடுத்த வீட்டுல ஒக்கார வெச்சுக் காப்பி கலக்கிக் குடுத்தாங்க. அதுக்கு அடுத்த வீட்டுல ஒரு அம்மா அழுதுட்டாங்க. நான் என்ன செய்யலாம் சொல்லுங்க? வந்த காசு திரும்பிப் போயிரக் கூடாது, கோயில் முன்னால சிமெண்டு போட்டுருங்கன்னு ஒங்க ஆளுங்கதான் கேட்டாங்க. கௌன்சில்லயும் மாத்திக் குடுத்தாங்க. போட்டேன். இப்ப நீங்க நிக்கிறீங்களே, அதுதாங்கய்யா.”

மாமா குனிந்து காலடியைப் பார்த்தார். நாங்கள் எல்லாருமே பார்த்தோம். நல்ல சிமெண்டு, வழவழவென்று, ஓரத்தில் கோலம் போட இடம்விட்டுப் பூசியிருந்தார்கள். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று நான்தான் கேட்டேன். நீங்க ஆஸ்பத்திரியில இருந்தீங்க, அந்த நேரத்துல தொந்தரவு பண்ணக் கூடாதேன்னு விட்டுட்டோம் என்றார் கோயில் தலைவர். அதை அவர் உண்மையான கரிசனத்தோடு சொன்னார். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமா மட்டும் கோபப்படவில்லை. “எவனாச்சும் திருடியிருந்தா புடிச்சிருப்பேன். இப்ப யாரப் புடிக்கிறது?” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார். பின்னாலிருந்து பார்க்க அவர் முதுகு அன்றைக்குத்தான் எனக்குக் கிழவன் முதுகாகத் தெரிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எப்படிச் சொல்வது? இவர்கள் கெட்டவர்களாக இருந்திருந்தால் கதை சுலபம். அடுத்த மழைக்கு, நான் வீட்டில் இருந்த ஒரு சனிக்கிழமை, தண்ணீர் எழும்பியதும் நாங்கள் கூப்பிடாமலே வரிசையிலிருந்து நாலு பேர் ஓடிவந்தார்கள். கோயில் தலைவரும் அதில் ஒருவர். அத்தையை நாற்காலியில் உட்காரவைத்து, தலைக்குக் குடை பிடித்து, பூப்போலத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டு அக்காவின் ஹாலில் சோபாவில் படுக்கவைத்தார்கள். அக்கா அத்தையின் காலைத் துடைத்துவிட்டு, தன் சேலை ஒன்றை மாற்றிவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் இப்படித்தான். வானம் கறுத்தாலே யாராவது ஒருவர் கேட்டில் வந்து நின்று, அம்மா எப்படி இருக்காங்க என்று விசாரிப்பார். தூக்குவதற்கு ஓடிவருகிற மனுஷன், தன் அடுப்பங்கரையில் மூன்று அடியை இடிக்கச் சொன்னால் காது கேட்காதவன் ஆகிவிடுவான். இவர்களைத் திட்டவும் முடியாமல் கும்பிடவும் முடியாமல் நான் பட்ட பாடு இருக்கிறதே.

ஒருநாள் அப்படித் தூக்கிவந்து படுக்கவைத்துவிட்டு, அக்கா வீட்டு ஹாலில் எல்லாரும் மைலோ குடித்துக்கொண்டிருந்தோம். மாமா அத்தையின் தலைமாட்டில் ஈரக் கால்சட்டையோடு உட்கார்ந்திருந்தார். அப்போது கோயில் தலைவர், நல்லெண்ணத்தோடு வாயைத் திறந்தார். கிராணியாரும் மத்தவங்க மாதிரி பின்னால மூடிக் கட்டிட்டா இந்தத் தொல்லையே இருக்காது லா, சரின்னா நாளைக்கே ஆள் அனுப்புறேன் என்றார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, கையில் இருந்த கோப்பையை வைத்துவிட்டேன்.

“நாங்க மூடினா இந்தத் தண்ணி எங்கண்ணே போகும்? இப்ப நீங்க நிக்கிறீங்களே, இந்த வீட்டுக்குத்தான் வரும். அதுக்குத்தான் இந்த மனுசன் இத்தன நாளா மூடாம ஒக்காந்திருக்காரு.”

அக்கா மாமாவைப் பார்த்தார். மாமா என்னைப் பார்த்து முறைத்தார், மூடிக் கட்டுவது சட்டப்படி குற்றம் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். கெடுத்தாரே காரியத்தை என்று எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. வந்தவர்கள் மைலோவைக் குடித்துமுடித்து, கோப்பையைக் கழுவிவைத்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

அக்காவின் அடுப்பங்கரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மகன் சிங்கப்பூரில் ஓவர்டைம் பார்த்து அனுப்பிய பணத்தில் கட்டியது. நீல டைல்ஸ், சுவர் நீளத்துக்கு அலமாரி. தீபாவளிக்கு யார் வந்தாலும் முதலில் அதைத்தான் காட்டுவார். சில வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், கூலிக்குப் பிடித்துவந்த ஒரு பங்களாதேஷ் ஆள் பின்சுவரை உடைத்துக்கொண்டிருக்கிறான், அக்கா நீல டைல்ஸில் உடையாமல் வந்ததைப் பொறுக்கி ஓரமாக அடுக்கிக்கொண்டிருக்கிறார். சிலாப்பைப் பெயர்த்ததும் அடியிலிருந்து வந்த நாற்றத்தில் மூவருமே மூக்கைப் பொத்தினோம். எதுக்குக்கா என்று கேட்டேன். “ஒரே வீட்டுக்கா எல்லாத்தையும் அனுப்புறது? பாதி எனக்கு வரட்டும் லா” என்றார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

நான் ஓடிப்போய் மாமாவைக் கூட்டிவந்தேன். மாமா உடைந்த சுவரைப் பார்த்தார், தோண்டிப்போட்ட கறுப்பு மண்ணைப் பார்த்தார், டைல்ஸ் அடுக்கைப் பார்த்தார். ஏதோ சொல்லப்போகிறார், இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து ஒரு நல்ல வார்த்தை வரப்போகிறது என்று நான் நின்றேன். இடிப்பதற்குக் கௌன்சிலில் பெர்மிட் எடுத்தாயா என்று கேட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அக்கா சிரித்துவிட்டார். “கட்டறப்பவே எடுக்கல, இடிக்கறதுக்கு எதுக்கு கிராணியாரே?” என்றார். மாமா வீட்டுக்குப் போய், எங்கள் மண்வெட்டியை எடுத்துவந்து அந்தக் கறுப்பு மண்ணை அள்ள ஆரம்பித்தார்.

அந்த வாரமே பெரிய மழை வந்தது. தண்ணீர் அக்கா வீட்டில் எழும்பியது, எங்கள் வீட்டிலும் எழும்பியது. பின்னறை வாசற்படிவரை வந்து, மெத்தைக்கு இரண்டு சாண் இருக்கும்போது நின்றுவிட்டது. வழக்கமாக வருகிற நாலு பேரும் நனைந்துகொண்டு வந்து, தூக்குகிற வேலை இல்லாமல் ஹாலில் நின்றார்கள். அத்தைக்கு அவர்களைக் கண்டதும் கை தானாக நீண்டது. இன்னிக்கு வேணாம் அத்தை, பாதித் தண்ணி அக்கா வீட்டுக்குப் போயிருச்சு என்றேன். அத்தை அதை யோசித்து, குழறலாக, “அவ வீட்டுல யார் இருக்கா?” என்று கேட்டார். யாரும் இல்லை, அக்கா ஒற்றை ஆள். மாமா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினார். அந்த நாலு பேரும் அவர் பின்னாலேயே போய், அக்கா வீட்டுத் தண்ணீரை இருட்டும்வரை தள்ளினார்கள். பிறகு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் வீட்டு அடுப்பங்கரைகள் இன்றுவரை அப்படியேதான் இருக்கின்றன.

மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். அத்தை இருக்கிறார். வீட்டு வரி இன்னும் மாமாவின் பெயரில்தான் வருகிறது, வருஷம் பிறந்ததும் நான் போய்க் கட்டுகிறேன். நானும் இப்போது கௌன்சில் கௌண்டரில் நின்று கேள்வி கேட்கிறேன். இது தொற்றுநோய். போன மாதம், நான் கேட்ட கேள்வி தாங்காமல், கௌன்சிலிலிருந்து ஒரு இளம் அதிகாரியை அனுப்பியிருந்தார்கள். நம் பையன்தான், மரியாதையான பிள்ளை. கையில் இருந்த பழைய புகாரைப் பார்த்தான். சந்தில் இறங்கிப் பார்த்தான். எத்தனை வீட்டுக்குத் தண்ணீர் வருகிறது என்று கேட்டான். ரெண்டு வீட்டுக்கு என்றேன். அவன் முகம் வாடிவிட்டது.

“கிராணியார் புகார்ல ஒரு வீடுன்னுதானக்கா இருக்கு. இப்ப ரெண்டா? அப்ப நெலம ரொம்ப மோசமாயிருச்சு லா.”

“இல்ல தம்பி,” என்றேன். “இப்பதான் கொஞ்சம் தேவல.”